கடல் கடந்து எழுந்த கோயில்

கரிசல் நாட்டுப் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்கு மக்கள் வந்து அமர்வதில் எழுதப்படாத ஓர் ஒழுங்கு உண்டு. முன்வரிசையில் மறைக்கல்விப் பிள்ளைகள், வலப்புறம் பெண்கள், இடப்புறம் ஆண்கள், தூண்களை ஒட்டி முதியவர்கள். யார் எங்கே அமர்வார் என்பது பீடத்தில் நிற்கும் குருவுக்கு மனப்பாடமாகிவிடும். ஓர் இடம் காலியாக இருந்தால் யாருக்கு உடல்நலம் இல்லை என்பதும் தெரிந்துவிடும். இளையரசனேந்தல் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றாலயத்தில் ஒரு ஞாயிறன்று, எனக்குப் பழக்கமில்லாத இரண்டு முகங்கள் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றன. இருபது வயதைத் தாண்டிய இளைஞர்கள். எழவேண்டிய நேரத்தில் எழுந்தார்கள். முழந்தாளிடவேண்டிய நேரத்தில் முழந்தாளிட்டார்கள். பாடல்களின்போது மட்டும் வாய் திறக்கவில்லை. ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்தவர்கள் என்று பிறகு அறிந்தேன்.

திருப்பலி முடிந்து அங்கியைக் கழற்றும் முன்னே ஒருவர் சக்கறீஸ்துக்குள் வந்து, கைகூப்பி, தம் நெஞ்சில் மெல்லத் தட்டிக் காட்டினார். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறார் என்பது புரிந்தது. அவர் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சு முடிவதற்குள் அவர் கண்கள் கலங்கின. ஒரே மொழி அறியாத நிலையில், மனத்துயரின் அடையாளம் தெளிவாக இருந்தால் பாவமன்னிப்பு வழங்கலாம் என்று குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பில் படித்திருந்தேன். அன்று வரை அது தேர்வுத்தாளில் எழுதிய விடையாக மட்டுமே இருந்தது. கை உயர்த்தி மன்னிப்பு வழங்கினேன். அவர் நிம்மதியோடு சென்றார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. அருட்சாதனம் செல்லும், அதில் ஐயமில்லை. ஆனால், தன் உள்ளத்தைத் திறந்து பேசிய ஒரு மகனின் ஒரு சொல்லைக்கூட நான் கேட்கவில்லையே என்ற எண்ணம் அன்று முழுவதும் நெருடியது.

அன்று மாலை நோயாளிக்கு நற்கருணை கொடுக்கச் சென்ற ஒரு வீட்டில், சுவரில் மாட்டியிருந்த பழைய படம் ஒன்று கண்ணில் பட்டது. பலமுறை பார்த்த படந்தான். அன்றுதான் நின்று பார்த்தேன். முகப்பின் நடுவே ஒற்றைக் கோபுரமும், அதன்மேல் வானை நோக்கும் கூம்பும் கொண்ட ஒரு கோயில். 'இது எங்கள் அப்பா கொண்டுவந்தது சாமி. சிங்கப்பூர் லூர்து மாதா கோயில். நம்ம ஆட்கள் கோயில்' என்றார் படுக்கையில் இருந்த முதியவர். அந்தக் கோயிலை நான் நேரில் கண்டதில்லை. ஆனால், அதன் வரலாறு அன்று காலை என் முன் நின்ற இளைஞனின் வரலாற்றோடு எங்கோ இணைகிறது என்று தோன்றியது. அந்த எண்ணமே இக்கட்டுரை.

மக்கள் சென்ற வழி

1819ஆம் ஆண்டு ராபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் வணிகத்தளத்தை நிறுவியபோதே தமிழர் அங்கே கால் பதித்தனர். பின்னர் 1825 முதல் இந்தியக் கைதிகள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சாலைகள், பாலங்கள், அரசுக் கட்டடங்கள் எனப் பலவற்றில் அவர்களது உழைப்பு இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் புனித அந்திரேயா பேராலயமே இந்தியக் கைதிகளின் கைகளால் எழுந்ததுதான். வணிகர், கணக்கர், படகோட்டிகள், சலவைத் தொழிலாளர், துறைமுகக் கூலிகள் எனத் தமிழர் பெருகினர். மலாய் நாட்டில் கரும்பு, காப்பி, பின்னர் ரப்பர் என்று தோட்டங்கள் விரிந்தபோது, ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகள் வழியாகவும் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்தனர். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

நாகப்பட்டினம் அக்காலத்தில் கிழக்குக் கடலின் முக்கியத் துறைமுகம். வேளாங்கண்ணி அன்னையின் கோயில் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' கப்பலைப் பற்றி எங்கள் பகுதி முதியவர்கள் இன்றும் பேசுவர். மேல்தளத்தில் பாய் விரித்து, மழைக்கும் வெயிலுக்கும் உடல் கொடுத்துப் பயணம் செய்தவர்களின் மூட்டையில் இரண்டு துணிகளும், ஒரு செபமாலையும், ஒருவேளை ஒரு மாதா படமும் இருந்திருக்கும். கோயிலை மூட்டையில் கட்டிக்கொண்டு போக முடியாது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் எழும்ப வேண்டும்.

சிங்கப்பூரில் கத்தோலிக்கரின் தாய்க்கோயில் நல்லாயன் பேராலயம். 1847இல் கட்டி முடிக்கப்பட்டது. மக்கள் பெருகவே, குயின் தெருவில் புனித பேதுரு பவுல் ஆலயம் 1870ஐ ஒட்டி எழுந்தது. அங்கே சீனக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் ஒரே கூரையின்கீழ் வழிபட்டனர். ஒரே விசுவாசம், ஒரே இலத்தீன் திருப்பலி. ஆயினும் மறையுரைக்கு இரண்டு மொழி, பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு மொழி. திருப்பலி இலத்தீனில் இருந்ததால் எல்லாருக்கும் ஒரே கோயில் போதும் என்று நாம் நினைக்கலாம். ஆனால் அந்நாளிலும் மனிதர் தம் பாவத்தை இலத்தீனில் சொல்லவில்லை; தம் பிள்ளைக்கு இலத்தீனில் மறைக்கல்வி சொல்லித் தரவில்லை; சாகும் தறுவாயில் இலத்தீனில் புலம்பவில்லை.

1886இல் நட்ட கல்

அங்குப் பணியாற்றியவர்கள் பாரிஸ் அந்நிய நாட்டு வேதபோதக சபைக் குருக்கள். இச்சபையார் 1776 முதல் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டு நம் நாட்டில் பணியாற்றியவர்கள். எனவே தமிழ்மொழி அச்சபைக்குப் புதிதன்று. பினாங்கில் தமிழருக்காகப் புனித சவேரியார் ஆலயம் இருந்தது. பேராக் பகுதியில் பாகான் சேராய் என்னுமிடத்தில், ரெனே பே அடிகளார் 1882இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக ஒரு குடியிருப்பையே உருவாக்கினார். அது 'சூசைப்பாளையம்' என்று பெயர் பெற்றது. மலாய் மண்ணின் நடுவே 'பாளையம்' என்று முடியும் ஓர் ஊர்! பெயரைச் சொல்லும்போதே நம் ஊர்ப் பேருந்தில் நடத்துனர் கூவும் குரல் காதில் விழுகிறது. இந்த பே அடிகளாரே 1896இல் மலாக்கா மறைமாவட்ட ஆயரானார்.

சிங்கப்பூர்த் தமிழருக்குத் தனிக்கோயில் அமைக்க முயன்றவர் மெனுவ்ரியே அடிகளார். ஆயர் எட்வர்ட் காஸ்னியே காலத்தில், 1886ஆம் ஆண்டு ஓபிர் சாலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1888இல் கோயில் நிறைவு பெற்றது. கட்டட வேலையில் ஈடுபட்டது சுவான்–லெர்மிட் என்னும் பொறியாளர் நிறுவனம். இதுவே பின்னாளில் சுவான்–மக்லாரன் என்ற பெயரில் அந்நகரின் புகழ்பெற்ற ராபிள்ஸ் விடுதிக் கட்டடத்தை வடிவமைத்தது. பெரும் வணிகர் நாடிய நிறுவனம், கூலிகளும் கணக்கர்களும் கூடும் கோயிலையும் எழுப்பியது.

கோயிலை லூர்து அன்னைக்கு அர்ப்பணித்தது தற்செயலன்று. 1858ஆம் ஆண்டு பெப்ருவரி 11 முதல் சூலை 16 வரை பதினெட்டு முறை அன்னை காட்சி தந்தது பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமிக்கு. தந்தை தொழில் நொடித்துப் போனவர். குடும்பம் வாழ்ந்ததோ முன்னாள் சிறையின் ஒற்றை அறையில். பெர்னதெத்திடம் அன்னை பேசியது பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சு மொழியில் அன்று. அச்சிறுமி வீட்டில் பேசிய வட்டார மொழியில். இதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். விண்ணகத் தாயே ஒரு சிறுமியோடு பேச வந்தபோது, கற்றவர் மொழியை விட்டு அவள் வீட்டு மொழியை எடுத்துக்கொண்டாள். புதுச்சேரி அருகே வில்லியனூரில் லூர்து அன்னை திருத்தலம் 1870களிலேயே உருவாயிற்று. தமிழ் மண்ணில் வேரூன்றிய அதே பக்தி, பத்தாண்டுகளில் கடல் கடந்து தமிழரோடு சிங்கப்பூரிலும் குடியேறியது.

கல்லில் வடித்த ஏக்கம்

லூர்து நகரின் குகைக்கு மேலே எழும் அமலோற்பவ அன்னைப் பெருங்கோயிலின் சாயலில் இக்கோயில் அமைந்தது. அப்பெருங்கோயில் இப்போலித் தூராண் என்பவரின் வடிவமைப்பில் எழுந்து 1876இல் அபிஷேகம் பெற்றது. முகப்பின் நடுவே வாயிலுக்கு மேலாக உயரும் ஒற்றைக் கோபுரமும், அதன் உச்சியில் கூம்பும், கூர்வளைவுச் சன்னல்களும் அதன் அடையாளங்கள். சிங்கப்பூர்க் கோயிலும் அதே கோதிக் மரபைப் பின்பற்றுகிறது.

கோதிக் என்றவுடன் அழகைப் பற்றியே பேசுவோம். அதன் அடிப்படை எடையைப் பற்றிய அறிவு. அரைவட்ட வளைவு தன் மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். ஆகவே சுவர் தடித்திருக்க வேண்டும், சன்னல் சிறுத்திருக்க வேண்டும். கூர்வளைவோ பாரத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்கும். எஞ்சிய தள்ளுதலை வெளிப்புறத்து உதைசுவர்கள் ஏற்றுக்கொள்ளும். அதனால் சுவர் மெலிந்து, சன்னல் உயர்ந்து, வண்ணக் கண்ணாடி வழியே வெளிச்சம் உள்ளே இறங்கும். எழுத்தறியாத மக்களுக்கு அந்தக் கண்ணாடிகளே விவிலியமாயின. நம் திருச்சிராப்பள்ளியில் சேசு சபையார் எழுப்பிய லூர்து அன்னை ஆலயத்தின் நெடுங்கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இம்மரபு அயலானதன்று.

ஆனால் ஒரு கேள்வி எழும். தமிழருக்கு எழுந்த கோயில் ஏன் பிரெஞ்சு வடிவில் அமைந்தது? அக்காலத் திருச்சபையின் ஐரோப்பிய மனப்பான்மை ஒரு காரணம். அதை மறுக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் குருக்களும் ஊர்விட்டு வந்தவர்களே. பிரான்சிலிருந்து கப்பலேறும்போது, பெற்றோரை மீண்டும் காண்போம் என்ற உறுதி அவர்களில் பலருக்கு இல்லை. தமிழ்க் கூலியும் பிரெஞ்சுக் குருவும் ஆகிய இரண்டு புலம்பெயர்ந்தோர் சேர்ந்து ஒரு கோயிலைக் கனவு கண்டனர். கல்லின் வடிவம் ஒருவருடைய ஏக்கத்தைச் சொல்லியது. அதனுள் எழுந்த செபத்தின் மொழி மற்றவருடைய ஏக்கத்தைச் சொல்லியது.

அக்கோயிலின் முதற்கல் 1886இல் நடப்பட்டது என்று பதிவேடு கூறும். அதற்கு முன்பே ஒரு கல் நடப்பட்டுவிட்டது என்பேன். ஒரு பிரெஞ்சுக் குரு தமிழ் அரிச்சுவடியைக் கையில் எடுத்த நாளில் அது நடப்பட்டது.

போலந்து மக்களின் கோயில்கள்

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த அனுபவமன்று. அதே காலத்தில் உலகின் மறுபுறம் போலந்து மக்கள் இதே வழியில் நடந்தனர். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் போலந்து நாட்டை அண்டைப் பேரரசுகள் மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை 123 ஆண்டுகள் உலகப் படத்தில் போலந்து என்ற நாடே இல்லை. நாடு இழந்த மக்களுக்கு மொழியும் திருச்சபையுமே நாடாயின. பிழைப்புத் தேடி அமெரிக்காவின் இறைச்சிக் கூடங்களுக்கும் இரும்பு ஆலைகளுக்கும் சென்ற ஏழைக் குடியானவர்கள், தாங்கள் வாழ்ந்த சிறு மரவீடுகளுக்கு நடுவே அரண்மனைகளை ஒத்த கோயில்களை எழுப்பினர்.

சிக்காகோவின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கு 1867இல் தோன்றியது. இன்றுள்ள கோயில் 1881இல் நிறைவுற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பங்கில் நாற்பதாயிரம் பேர் வரை இருந்தனர். நம் நாட்டில் ஒரு மறைமாவட்டத்திற்கே போதுமான எண்ணிக்கை இது.

மில்வாக்கி நகரின் புனித யோசபாத்து ஆலயத்தின் கதை இன்னும் வியப்பானது. பங்குக்குரு வில்லியம் குருட்சா, புதிய கோயிலுக்குப் பணம் போதாமல் தவித்த வேளையில், சிக்காகோவில் பழைய அஞ்சலக–சுங்கக் கட்டடம் ஒன்று இடிக்கப்படுவதை அறிந்தார். அதன் கற்களையும் தூண்களையும் இருபதாயிரம் டாலருக்கு வாங்கி, ஐந்நூறு இரயில் பெட்டிகளில் ஏற்றிக் கொணர்ந்தார். சிற்பி எர்ஹார்ட் பிரியல்மயர், ஏற்கெனவே வரைந்திருந்த வரைபடத்தைக் கைவசம் வந்த கற்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். உரோமைப் புனித பேதுரு பேராலயத்தை நினைவூட்டும் பெருங்குவிமாடத்தோடு 1901இல் கோயில் அபிஷேகம் பெற்றது. சில வாரங்களிலேயே குருட்சா அடிகளார் இறந்தார். அவர் விட்டுச் சென்றது பெரிய கோயிலும் அதைவிடப் பெரிய கடனும். 1910இல் பிரான்சிஸ்கன் துறவிகள் பொறுப்பேற்றனர்; ஏழை மக்கள் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் கொடுத்த காணிக்கையால் கடன் தீர்ந்தது. உட்புற ஓவியப் பணி 1926இல் முடிந்தது. 1929இல் அது பெருங்கோயிலாக உயர்த்தப்பட்டது. இடிந்த அரசுக் கட்டடத்தின் கற்கள், நாடிழந்த மக்களின் கோயிலாக மறுபிறப்பு எடுத்தன.

இப்படிப்பட்ட செலவு வீண் என்று அன்றே சிலர் சொல்லியிருப்பர். இன்றும் நம்மில் சிலர் சொல்வர். நியாயமான கேள்விதான். ஆனால் வாடகை அறையில் வாழ்ந்து, பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத மேலாளரின்கீழ் வாரம் ஆறு நாள் உழைத்த மனிதன், ஏழாம் நாள் குவிமாடத்தின் அடியில் நிற்கும்போது நிமிர்ந்து நின்றான். அவன் வீட்டில் இல்லாத உயரம் அவன் கோயிலில் இருந்தது. அந்த உயரம் அவனுக்குத் தேவைப்பட்டது.

தாய்வீடும் மதில்சுவரும்

நம் மக்களுக்கு நம் கோயில் என்பது இனிய சொல். அதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டியது ஒரு மேய்ப்பனின் கடமை.

அமெரிக்காவின் போலந்துப் பங்குகளில் கோயில் சொத்து யாருடையது, தங்கள் குருவை யார் நியமிப்பது என்ற பூசல்கள் எழுந்தன. வேற்று இனத்தவரான ஆயர்கள் தங்களை மதிக்கவில்லை என்ற மனக்குறை முற்றி, பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டன் நகரில் 1897இல் ஒரு பகுதியினர் பிரிந்து தனிச்சபையே அமைத்துக்கொண்டனர். செவிமடுக்காத தலைமையும், விட்டுக்கொடுக்காத மக்களும் சேர்ந்தால் கிறிஸ்துவின் உடலில் காயம் உண்டாகும் என்பதற்கு அது சாட்சி.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தென்பாண்டிச் சீமையிலேயே வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் இருக்கிறது. 1872இல் எழுந்த அக்கோயில் இரண்டு கைகளாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் கூடும் வடிவில் அமைக்கப்பட்டது. நடுவே சுவர். ஒரு கையில் ஒரு சாதியார், மறு கையில் மற்றவர். பீடத்தில் உயர்த்தப்பட்ட அப்பம் ஒன்றுதான். அதை நோக்கிய கண்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி சுவர் காத்தது. 1910இல் சேசு சபைக் குருக்கள் காலத்தில் அச்சுவர் அகற்றப்பட்டது. வழக்குகளும் மனக்கசப்பும் பின்தொடர்ந்தன. கட்டடக்கலை நம் விசுவாசத்தை மட்டுமன்று, நம் பாவத்தையும் கல்லில் எழுதிவைக்கும் என்பதை அக்கோயில் நமக்குக் கற்பிக்கிறது.

சிங்கப்பூரில் தமிழருக்கென ஒரு கோயில். வடக்கன்குளத்தில் ஒரு பிரிவினருக்கென ஒரு பக்கம். இரண்டும் 'நம் ஆட்கள் கோயில்' என்ற சொல்லால் குறிக்கப்பட்டவைதாம். பின் வேறுபாடு எங்கே? முன்னதில், எளியவன் தன் மொழியில் இறைவனை அணுக வழி கிடைத்தது. பின்னதில், வலியவன் எளியவனை அணுகாதிருக்க வழி கிடைத்தது. ஒரு கோயிலின் கதவு யாருக்காகத் திறந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், யாருக்கு எதிராக அடைக்கப்பட்டது என்றும் கேட்கவேண்டும்.

சிங்கப்பூரில் அக்கதவு காலப்போக்கில் இன்னும் அகலமாகத் திறந்தது. அந்நகரில் தமிழருக்கு லூர்து அன்னை ஆலயம் போல, தியோச்சூ மொழியினருக்குப் புனித பேதுரு பவுல் ஆலயம், கான்டனீயர், ஹக்கா மக்களுக்கு 1910இல் எழுந்த திரு இருதய ஆலயம், ஹொக்கியன் மொழியினருக்கு 1929இல் எழுந்த புனித தெரேசா ஆலயம் என்று மொழிக்கொரு கோயில் இருந்தது. 1974 வரை, தீவின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் தமிழ்க் கத்தோலிக்கர் லூர்து அன்னை ஆலயத்தின் பங்கு மக்களே. அதன்பின் பங்குகள் எல்லை அடிப்படையில் வகுக்கப்பட்டன. அக்கோயில் எல்லா இனத்தவருக்கும் உரியதாயிற்று. தமிழ்த் திருப்பலி நிற்கவில்லை. ஆனால் அதே பீடத்தைப் பிற மொழியினரும் பகிர்ந்துகொள்கின்றனர். 2005இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. கூலிகளாக வந்தவர்களின் கோயில், நாட்டின் சொத்தாக எழுதப்பட்டது.

சிக்காகோவிலும் இதுவே நடந்தது. 1950களில் புதிய நெடுஞ்சாலைக்காகப் புனித ஸ்தனிஸ்லாஸ் ஆலயத்தை இடிக்கும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றனர். சாலைதான் விலகிச் சென்றது. அப்படிக் காக்கப்பட்ட கோயிலில் இன்று போலிஷ் மொழியோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் திருப்பலி நடக்கிறது. போலந்துத் தாத்தாக்கள் காத்த பீடத்தின்முன் இன்று மெக்சிகோ நாட்டுப் பிள்ளைகள் முழந்தாளிடுகின்றனர்.

திருச்சபையின் மனம்

எருசலேமின் முதல் சபையிலேயே மொழிப் பூசல் இருந்தது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் கூறுகிறது. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை விவிலிய அறிஞர் சுட்டிக்காட்டுவர். புறக்கணிக்கப்பட்டவர்களின் மொழி தெரிந்தவர்களிடமே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. திருத்தொண்டர் பணியின் தொடக்கத்தை நாம் காண்பது இங்கேதான்.

அதே வழியில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட 'நாடு கடந்த குடும்பம்' என்னும் பொருள்படும் ஆவணம், எகிப்துக்குத் தப்பியோடிய நாசரேத்துக் குடும்பத்தைப் புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் முன்மாதிரியாகக் காட்டி, அவர்கள் தம் மொழி அறிந்த குருக்களின் பணியைப் பெற வழிவகுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 518ஆம் விதி, பங்கு பொதுவாக எல்லை அடிப்படையில் அமைய வேண்டும் என்று கூறி, தேவைப்படும் இடத்தில் மொழி, இனம் ஆகியவற்றின் அடிப்படையிலும் அமைக்கலாம் என்கிறது. எல்லாருக்கும் ஒரே வீடு என்பது பொதுவிதி. தன் மொழியில் அழுவதற்கு ஒரு திண்ணை என்பது அந்த வீட்டில் தாய் காட்டும் இரக்கம்.

கரிசல் மண்ணின் கடன்

இந்தக் கரிசலில் யார்தான் வந்தேறி இல்லை? தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய கதையை, இப்பகுதியின் இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலில் எழுதியிருக்கிறார். எங்கள் பங்குப் பதிவேடுகளைப் புரட்டினால், மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பெயர்களே நிறைந்திருக்கின்றன.

நம் விசுவாசத்தின் ஊற்றுக்கண்ணும் அப்படிப்பட்டதே. அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில், பரலோக மாதாவின் நிழலில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். 1710இல் கோவாவில் கரையிறங்கி, மறு ஆண்டு தமிழகம் வந்தார். ஊர் தெரியாது, மொழி தெரியாது, உணவு பழக்கமில்லை. அவர் மொழியைக் கற்றார். கற்றதோடு நில்லாமல் இலக்கணம் எழுதினார், அகராதி தொகுத்தார், புனித சூசையப்பரின் வாழ்வைத் 'தேம்பாவணி' என்னும் காப்பியமாகத் தமிழுக்குத் தந்தார். 1747இல் மறையும்வரை தாயகம் திரும்பவில்லை. கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்றதால் நாம் நற்செய்தியைக் கேட்டோம். அந்தக் கடனை எங்கே, யாரிடம் திருப்பிச் செலுத்துவது?

கடைசித் தூணுக்குப் பின்னால் நின்ற அந்த இளைஞர்களை மீண்டும் நினைக்கிறேன். அவர்களுடைய முன்னோர்களிடம் பெல்சிய நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சென்றது 1885இல். நிலத்தைப் பறிகொடுத்து நின்ற முண்டா, ஒராவ் பழங்குடி மக்களுக்காக அவர் வழக்குமன்றம்வரை துணை நின்றார். அடுத்த ஆண்டுதான் சிங்கப்பூரில் தமிழர் கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று நம் தாத்தாக்கள் கிழக்கே கப்பலேறினர்; இன்று லீவன்ஸ் அடிகளாரின் பேரப்பிள்ளைகள் தெற்கே இரயிலேறுகின்றனர். சிங்கப்பூர்ப் பேராலயத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் நம் தாத்தா நின்றபோது ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதனால்தான் அந்தப் படம் இன்று அந்த முதியவரின் சுவரில் தொங்குகிறது.

புதிய கோயில் கட்ட எங்களிடம் பணமில்லை, தேவையுமில்லை. ஆலயத்தில் இடம் இருக்கிறது. ஆகவே எங்களால் இயன்றதைத் தொடங்கினோம். ஐம்பதைத் தாண்டிய வயதில் நான் நாகரி எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கர்த்தர் கற்பித்த செபத்தை இந்தியில் சொல்லிப் பார்த்தபோது, அவ்விரு இளைஞரும் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தனர். எங்கள் ஆலயத்தில் அவர்கள் சிரித்தது அதுவே முதல்முறை. மாதம் ஒரு ஞாயிறு முதல் வாசகத்தை அவர்களில் ஒருவர் இந்தியில் வாசிக்கிறார். 'நமக்குப் புரியாத வாசகம் நம் கோயிலில் எதற்கு?' என்று ஒருவர் கேட்டார். மற்ற மூன்று ஞாயிறும் அவர்கள் அப்படித்தான் அமர்ந்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, மறுவாரம் அவ்விருவரையும் மதிய உணவுக்குத் தம் வீட்டுக்கு அழைத்தார்.

இவ்வாண்டு ஆகஸ்டு 15இல் காமநாயக்கன்பட்டித் திருவிழாவுக்கு எங்கள் பங்கு மக்களோடு அவர்களும் வருகிறார்கள். அன்புள்ள வாசகர்களே, வரும் ஞாயிறு உங்கள் ஆலயத்திலும் கடைசித் தூண் பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பாடத் தெரியாமல் நிற்கும் ஒருவர் அங்கே இருந்தால், திருப்பலி முடிந்ததும் அவருடைய ஊர்ப் பெயரைக் கேளுங்கள்.